மசூறாக் காக்காவின் கேஸ்

ஒரு முடிவும் எடுக்காமல் ஒரு மனிதர் ஐம்பத்தெட்டு வயது வரை உயிர் வாழலாம், கல்யாணம் கட்டலாம், கடை நடத்தலாம், ஊரில் நல்ல பெயரும் எடுக்கலாம். நம்பாதவர்கள் கல்முனைக்குப் போய் மசூறாக் காக்காவைப் பார்க்க வேண்டும். நான் பத்துப் பன்னிரண்டு ஊர்களில் வேலை செய்தவன். அவசரப்பட்டு முடிவெடுத்துக் கெட்டவர்களை எல்லா ஊரிலும் கண்டிருக்கிறேன். முடிவே எடுக்காமல் நன்றாயிருந்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

காக்கா என்றால் எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் அண்ணன். மசூறா என்றால் நாலு பேர் கூடிக் கலந்து பேசுவது. பள்ளிவாசல் காரியமோ கல்யாணப் பேச்சோ, மசூறா செய்து ஒரு முடிவுக்கு வருவது முஸ்லிம்களிடம் உள்ள நல்ல வழக்கம். மார்க்கம் சொல்லித்தந்த வழக்கம். காக்கா அந்த நல்ல வழக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, அது அதுவரை போயிராத இடங்களுக்கெல்லாம் கூட்டிப்போனார். சலூன் கதிரையில் பாதித் தலை வெட்டியானதும், காத்திருப்பவர்களைப் பார்த்து, "இந்தப் பக்கம் போதுமா, இன்னும் எடுக்கவா?" என்று கேட்பார். ஒருமுறை இரண்டு பேர் போதும் என்றார்கள், இரண்டு பேர் எடு என்றார்கள். அந்த மாதம் முழுவதும் காக்காவுக்கு வலப்பக்கம் ஒரு வயதும் இடப்பக்கம் ஒரு வயதுமாக இருந்தது.

அவருடைய நிக்காஹ் கதை ஊருக்கே தெரியும். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில், பின்னால் இருந்த மச்சான்மாரைத் திரும்பிப் பார்த்து, "எப்பிடி, சொல்லுவமா?" என்றாராம். உள்ளே அறையில் இருந்த மணப்பெண்ணுக்கு அது கேட்டுவிட்டது. அந்த மணப்பெண்ணைத்தான் நாங்கள் ராத்தா என்று கூப்பிடுவோம். ராத்தா என்றால் அக்கா.

"அண்டைக்கே நான் எழும்பிப் போயிரிக்கணும்," என்று முப்பது வருடமாக ராத்தா சொல்லி வந்தார்.

"எழும்பிப் போறதா இரிக்கிறதா எண்டு ஆரிட்டயும் கேட்டாயாகா?" என்பார் காக்கா. பகடியாக அல்ல, உண்மையாகவே கேட்பார்.

நான் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது, ஒலுவிலில் போட்டுகள் கடலுக்கு வெளிக்கிடாமல் கரையில் கிடந்த ஒரு பருவத்தில். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நெல் ஆலை, செங்கல் வாடி, கட்டாரில் இரண்டு வருடம் கக்கூஸ் கழுவுதல், பிறகு கடல். ஒலுவிலிலிருந்து கடற்கரையோடு நடந்து வந்தவனுக்குச் சுட்ட மீன் மணந்தது. மணத்தைப் பிடித்துக்கொண்டு போய், வாசலில் நின்றவரிடம் வேலை இருக்கிறதா என்று கேட்டேன்.

"இரிக்கி தம்பி. ஆனா உன்ன எடுக்கிறதா எண்டு மசூறா செய்யணும். உள்ள வந்து இரி."

இருந்தேன். மசூறா ஒரு கிழமை நடந்தது. அந்தக் கிழமை முழுக்க நான் மீன் செதில் எடுத்தேன், சட்டி கழுவினேன், கரி மூட்டை சுமந்தேன், அங்கேயே சாப்பிட்டு அங்கேயே படுத்தேன். எட்டாம் நாள் காக்கா மெத்தக் கவலையோடு வந்து, "தம்பி, உன்ன எடுக்கிறதா வேணாமா எண்டு இன்னும் முடிவாகல்ல," என்றார்.

உள்ளேயிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "நீங்க முடிவெடுக்கிறத்துக்குள்ள அவன் பென்சன் எடுத்திருவான்."

கடை என்றால் பெரிய கடையில்லை. வீட்டின் முன்பக்கம் நாலு மேசை. வீடு ராத்தாவினுடையது. எங்கள் கரையில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு அங்கே வந்து சேர வேண்டும். பெயர்ப்பலகையில் "கல்முனை" என்று ஒரு சொல், பிறகு ஒரு முழ நீளத்துக்கு வெறும் வெள்ளை, பிறகு "ஹவுஸ்" என்று ஒரு சொல். நடுவில் வர வேண்டியது பாபக்கியூ. அதைப் பாபக்யூ என்று எழுதுவதா, பார்பிகியூ என்று எழுதுவதா என்று மசூறா நடந்துகொண்டிருந்தபோதே பலகை எழுதுகிறவர் வெறுத்துப்போய் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். கல்முனை ஹவுஸ் என்பதைப் பார்த்து, தூர இடத்து ஆட்கள் சிலர் அறை இருக்கிறதா என்று கேட்டு வந்ததுண்டு. காக்கா அவர்களையும் உட்காரவைத்து, "நம்ம றூம் போட்டா ஓடுமா?" என்று கேட்பார்.

மீன் சுடுவது பின்பக்கம், குசினிக்கு அடுத்த தகரக் கொட்டிலில். எண்ணெய்ப் பீப்பாவை நெடுக்காக வெட்டிச் செய்த அடுப்பு, அதில் சிரட்டைக் கரி. சுடுவது ராத்தா. பாரை மீனை நாலு இடத்தில் கீறி, மிளகும் உள்ளியும் தேசிக்காய்ப் புளியும் பூசி அவர் கரிமேல் வைத்தால், முன் மேசையில் இருப்பவர்கள் கதையை நிறுத்திவிடுவார்கள். அந்த அடுப்பை வேறு யாரும் தொட அவர் விடமாட்டார். பிரச்சினையும் அங்கேதான் தொடங்கியது.

கொட்டிலுக்குக் கடற்பக்கம் அடுத்த வளவு ஓவசியருடையது. சாகாமக் குளத்துப் பக்கம் வாய்க்கால் வேலைகளில் ஓவசியராக இருந்து பென்சன் எடுத்தவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர். காயப்போட்ட உடுப்பெல்லாம் மீன் மணக்கிறது என்று சொல்லி, ஏழு வருடத்துக்கு முன் கொட்டிலை ஒட்டி ஏழடி மதில் கட்டினார். அன்றிலிருந்து அவருக்கும் காக்காவுக்கும் கதை இல்லை. மதில் எழும்பியதும் கடற்காற்று நின்றது. காற்று நின்றதும் புகை போக வழியில்லாமல் கொட்டிலுக்குள்ளேயே குடியிருந்தது. நான் போன நேரம் ராத்தாவுக்கு இழுப்பு முற்றியிருந்தது. ஒரு மீனைத் திருப்புவார், வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார், இடுப்பில் செருகிய பம்ப்பை வாயில் வைத்து இழுப்பார், மறுபடி உள்ளே போவார். இரவில் படுக்க முடியாமல் கதிரையில் இருந்தபடியே நித்திரை கொள்வதாகக் காக்கா சொன்னார்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இனிக் கரிப் புகைக்குள்ள நிண்டா நான் தாற மருந்து ஒண்டும் வேலை செய்யாது. மூச்சு நிண்டு போனாலும் போகும். அடுப்ப மாத்துங்க. கேஸ் அல்லது கரண்ட்."

டொக்டர் நல்லவர். ஆனால் அந்த "அல்லது" என்ற சொல்லைக் காக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் காக்கா அறிவித்தார். "முடிவாகிற வரைக்கும் நீ அடுப்படிக்கு வரப்படாது. நான் சுடுறன்."

அன்று பின்னேரம் காக்கா இடுக்கியோடு கொட்டிலுக்குள் நின்றார். மீன் சுடுவதென்பது நிமிடத்துக்கு ஒரு முடிவு எடுக்கிற தொழில் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. முதல் பாரையை வைத்துவிட்டு என்னைக் கேட்டார், "திருப்பவா?" திருப்புங்க என்றேன். "நீ மட்டும் சொன்னாக் காணாது," என்று முன்பக்கம் போய் மேசை மேசையாகக் கேட்டார். "ஒங்கட மீன் ஒரு பக்கம் கிடக்கு. திருப்பவா, இன்னும் கொஞ்சம் விடவா?" ஒருவர் திருப்பு என்றார், ஒருவர் பொறு என்றார், ஒருவர் கோழி என்றல்லவா சொன்னேன் என்றார். எல்லோரும் ஒருமனப்பட்டு வந்தபோது மீனும் சிரட்டைக் கரியும் ஒரே நிறமாக இருந்தன. ராத்தா வந்து இடுக்கியைப் பறித்தார்.

"மௌத்தானாலும் நான் மீன் சுட்டுப்போட்டு மௌத்தாகிறன். நீங்க கெதியா ஒரு அடுப்ப எடுங்க. எதெண்டாலும் எடுங்க."

"எதெண்டாலும் எண்டா எது?" என்றார் காக்கா.

மறுநாள் அவர் மசூறாவுக்குப் புறப்பட்டார். தேத்தண்ணிக் கடையில் இரண்டு கட்சி உண்டானது. கேஸ் எடு என்று ஒருவர் சொன்னால், வெறும் சிலிண்டர்களைத் தெருவில் வரிசையாக வைத்துவிட்டு நாங்கள் நிழல் தேடிப் படுத்திருந்த காலத்தை மற்றவர் ஞாபகப்படுத்துவார். கரண்ட் எடு என்று அவர் சொன்னால், மெழுகுதிரியில் சோறு தின்ற காலத்தை முதலாமவர் ஞாபகப்படுத்துவார். மூலையில் இருந்த வயசாளி ஒருவர் பாபக்கியூ என்ற சொல்லைக் கேட்டுத் திடுக்கிட்டு, "அது என்ன கியூ மனே? பெற்றோல் கியூவா, மா கியூவா? இன்னமும் கியூவா?" என்றார்.

காக்கா மௌலவியிடம் போனார். இஸ்திகாரா தொழுது நன்மையான வழியைக் காட்டும்படி இறைவனிடம் கேளுங்கள், பிறகு மனசு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் போங்கள் என்றார் மௌலவி. காக்கா ஒழுங்காகத் தொழுதார். அடுத்த நாள் திரும்பிப் போய், "ஹசரத், மனசு சாயுறது எப்பிடி இரிக்கும்? எனக்கு நேராத்தான் நிக்கிது," என்றார்.

சொறிக்கல்முனையிலிருந்து எங்களுக்குக் கரி கொண்டுவரும் சூசையண்ணனையும் விடவில்லை. கரி மூட்டையைத் தோளில் வைத்தபடி நின்ற அந்த மனிதரிடம், "சூசை, கரிய நிப்பாட்டப் போறன். கேஸ் நல்லமா, கரண்ட் நல்லமா?" என்று கேட்டார்.

சூசையண்ணன் மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தார். "காக்கா, என்ட சோத்துல மண்ணப் போடுறத்துக்கு எந்த மம்பட்டி நல்லமெண்டு என்னட்டயே கேக்கிறீங்களே."

"உன்னட்டக் கேக்காம ஆரிட்டக் கேக்கிற? நெருப்பப் பத்தித் தெரிஞ்ச ஆள் நீதானே."

சூசையண்ணனுக்கு அது பெருமையாகப் போய்விட்டது. அரைமணி நேரம் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் விளக்கிவிட்டுத்தான் போனார்.

பிறகு சாமான் கடை. அங்கே கேஸ் அடுப்பும் கரண்ட் அடுப்பும் பக்கத்தில் பக்கத்தில் மினுங்கிக்கொண்டு நின்றன. காக்கா ஆறு நாள் போய் ஆறு நாளும் இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். ஏழாம் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு, பையில் மசாலா பூசிய இரண்டு பாரையோடு போனார். விற்பனைக்கு நின்ற ஆள், "காக்கா, இது கடை காக்கா, குசினி இல்ல," என்று கெஞ்சினார். "சுடாம எப்பிடி முடிவெடுக்கிற? நீங்களே சொல்லுங்க," என்று காக்கா அவரையும் மசூறாவில் சேர்த்துவிட்டார். கேஸ் அடுப்பில் சிலிண்டர் இல்லை. அது காட்சிக்கு. கரண்ட் அடுப்பைப் போட்டார்கள். மீன் கொஞ்சம் சிணுங்கத் தொடங்கியபோது டக் என்று ட்ரிப் சுவிட்ச் விழுந்து, கடையில் ஓடிய அத்தனை மின்விசிறியும் நின்றன. விற்பனையாளர் வேர்த்துக்கொண்டு, "காக்கா, நீங்க இனி வரக்குள்ள மீன் கொண்டு வராதீங்க. முடிவக் கொண்டு வாங்க," என்றார்.

இதற்குள் மூன்று கிழமை போய்விட்டது. ராத்தா ஒரு வசனத்தை முடிப்பதற்குள் மூச்செடுக்க இரண்டு தரம் நின்றார்.

எங்கள் பேச்சில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அடுப்பில் எரிகிறதும் கேஸ், கோட்டில் வழக்காகப் போடுகிறதும் கேஸ். காக்கா சந்தையில், வங்கி வாசலில், பள்ளிக்கு வெளியே செருப்புத் தேடுகிற இடத்தில், எல்லா இடத்திலும் நின்று கேட்டது இதுதான்: "ராத்தாக்கு மூச்சு ஏலாமப் போச்சு. இனிப் பொறுக்க ஏலா. கேஸ் போடுவமா?" இதை முழுசாகக் கேட்டவர்கள் பாதிப் பேர். மற்றப் பாதிப் பேர் காதில் விழுந்தது, ராத்தாவின் மூச்சுக்காகக் காக்கா கேஸ் போடப் போகிறார் என்பது. யார்மேல் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. காற்றை மறித்த மதில் ஊருக்கே தெரியும். கதை இரண்டு சந்து சுற்றி ஓவசியர் வீட்டுக்குப் போனபோது, காக்கா கொழும்பிலிருந்து பெரிய லோயர் ஒருவரை இறக்குகிறார் என்பதும் அதில் சேர்ந்திருந்தது.

ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்த கையோடு ஓவசியர் வந்தார். வெள்ளைச் சேட்டு, தொப்பி, கையில் ஒரு தட்டு மஸ்கட் இனிப்பு. ஏழு வருடத்துக்குப் பிறகு எங்கள் வாசலில் சிரித்த முகத்தோடு நின்றார். மசூறாவுக்கு ஆள் தானாகவே வந்துவிட்டதென்று காக்கா கதிரையை இழுத்துப் போட்டார். நான் மேசை துடைத்துக்கொண்டு நின்றேன்.

"மச்சான், கேள்விப்பட்டன்," என்றார் ஓவசியர். "கேஸ் வேணா மச்சான்."

"அப்பிடியா சொல்லுறீங்க? ஏன் வேணா?"

"கேஸ் எண்டா லேசா முடியிற சாமானா? வருசக்கணக்கா இழுபடும்."

"வருசக்கணக்காவா? ரெண்டு மாசம் தாங்கினாப் பெரிய காரியம் எண்டெல்லுவா கடைக்காரன் சொன்னான்."

"எந்தக் கடைக்காரன்? லோயர்ட்டப் போகல்லியா நீங்க?"

"லோயர் எதுக்கு ஓவசியர்? ஒரு டியூப்பும் ரெகுலேட்டரும் இரிந்தா நானே போட்டிருவன்."

லோயர் இல்லாமல் தானே கேஸ் போடப் போகிற மனிதரை ஓவசியர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"நம்மட வயசில இது வெடிச்சா நல்லமா மச்சான்? ரெண்டு குடும்பமும் நாசமாகும்."

"எனக்கும் அந்தப் பயம்தான். வெடிச்சா முதல்ல ஒங்கட பக்கம்தானே போகும்."

ஓவசியர் ஒரு மிடறு தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

"சரி, கேஸ் வேணாண்டா," காக்கா குனிந்து மெதுவாகக் கேட்டார், "கரண்டக் குடுத்துப் பாக்கவா?"

ஓவசியர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். "கரண்ட் குடுக்கப் போறீங்களா? மதிலுக்கா?"

"மதிலுக்கு இல்ல, மதிலுக்குக் கிட்ட. நீங்க இரிங்களன். கரண்டுக்கு இடம் காணும். கேஸ் போடுறதெண்டாத்தான் கஷ்டம். மதில்ல இரிந்து ரெண்டடி தள்ளணுமாம்."

"ரெண்டடியா!" ஓவசியரின் குரல் தெருவுக்குக் கேட்டது. "வல்லாஹி மச்சான், ஒரு சாண்தான். ஒரே ஒரு சாண்தான் நான் ஒங்கட வளவுக்குள்ள வந்த. ரெண்டடி எண்டு எந்தக் கள்ளன் ஒங்களுக்கு அளந்து தந்த?"

நான் துடைத்துக்கொண்டிருந்த துணி கையிலேயே நின்றுவிட்டது. காக்கா தன் வலது கையை விரித்து, பெருவிரலிலிருந்து சின்னவிரல் வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். ஒரு சாண் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். அது எங்கேயிருந்து வந்தது என்பதுதான் தெரியவில்லை.

உள்ளே கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ராத்தாவுக்கு இழுப்பு வந்துவிட்டதென்று பயந்து ஓடினேன். ராத்தா நிலத்தில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, பம்ப்பை இரண்டு தரம் இழுத்த பிறகுதான் பேச்சு வந்தது.

"ஓவசியர் காக்கா, அவர் சொல்லுறது அடுப்புக் கேஸ். நீங்க சொல்லுறது கோட்டுக் கேஸ்." மூச்சு வாங்கினார். "ஆனா வளவு என்ட வளவு. அந்தச் சாண் கதைய நான் கேட்டுட்டன்."

ஊரெல்லாம் வாய்க்கால் அளந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு மஸ்கட் தட்டை மேசையில் வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. மறுநாளே மேசனைக் கூட்டிவந்து, கொட்டிலை ஒட்டிய மதிலை அடிமட்டம் வரைக்கும் உடைத்தார். காக்காவும் உதவிக்குப் போனார். எந்தக் கல்லை முதலில் எடுப்பது என்று அவர் கேட்கத் தொடங்கியதும் மேசன் அவரைத் தேத்தண்ணி வாங்க அனுப்பிவிட்டார்.

மதில் விழுந்த பின்னேரம் கடற்காற்று நேரே கொட்டிலுக்குள் வந்தது. ஏழு வருடப் புகை எழும்பிக்கொண்டு போனது. ராத்தா ஒரு தடவைகூடச் சுவரைப் பிடிக்காமல் பன்னிரண்டு மீன் சுட்டார். எனக்குப் பெரிய ஆறுதல். காக்காவின் முகத்தில் மட்டும் புதுக் கவலை.

"என்ன காக்கா?"

"முதல்ல ரெண்டு வழிதான் இரிந்திச்சு. கேஸ், கரண்ட். இப்பக் கரியும் நல்லாத்தான் இரிக்கி. மூணாப் போச்சேடா!"

அடுத்த நாளே மூன்றையும் வைத்து மசூறா தொடங்கியது. ஓவசியரும் இப்போது அதில் ஒரு அங்கத்தவர். அவர் ஒரு அளவுநாடாவோடு வந்து, சிலிண்டர் எங்கே நிற்க வேண்டும், வயர் எத்தனை அடி வேண்டும் என்றெல்லாம் சுவரில் கரியால் கோடு கீறிவிட்டுப் போனார். பத்து நாள் சந்தோசமாகப் போனது. பத்து நாளும் காற்று இருந்தது.

பதினோராம் நாள் காற்று விழுந்துவிட்டது. தென்னோலை ஒன்றும் அசையவில்லை. பின்னேரம் அடுப்பை மூட்டியதும் புகை கொட்டிலுக்குள் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. காற்றுப் பழகிப்போய் ராத்தா கவனிக்காமல் நின்றுவிட்டார். இடுக்கி விழுகிற சத்தம் கேட்டு நான் போனபோது, ராத்தா கரி மூட்டையில் சாய்ந்து இருந்தார். உதடு நீலம். பம்ப்பை எத்தனை தரம் அமத்தியும் உள்ளே போகவில்லை. காக்காவும் நானும் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். வழியெல்லாம் காக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆட்டோக்காரர், "சந்தையால போகவா, கடற்கரை ரோட்டாலயா?" என்று கேட்டதற்கு, "போ!" என்றார்.

ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் மூடி ஆவி மெசினைப் பூட்டினார்கள். நான் வார்ட் வாசலில் நின்றேன். காக்கா கட்டிலடியில் குனிந்து ராத்தாவின் காதில் ஏதோ கேட்பது தெரிந்தது. ராத்தா கண்ணை மட்டும் திறந்து மூடினார். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் மிஸ் வந்து, ஆள் தப்பிவிட்டார், ஆனால் கூட்டம் கூடாமல் வெளியே போங்கள் என்றார். காக்கா என்னைக் கடந்து, செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் போய்விட்டார்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு வந்தார். சேட்டில் கிறீஸ் கறை.

"எங்க காக்கா போன?"

"கேஸ் அடுப்ப எடுத்துக் கொட்டிலுக்குள்ள பூட்டிட்டு வாறன். பீப்பாவத் தூக்கி வெளிய போட்டுட்டன்."

"ஆரிட்டக் கேட்டீங்க?"

"அவட்டத்தான்."

"ராத்தா என்ன சொன்னா?"

காக்கா வார்ட் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒண்டும் சொல்லல்ல. மூச்சு இரிந்தாத்தானேடா பேச்சு வரும். நான் ஊரெல்லாம் கேட்டுப்போட்டு வந்து, ராவைக்கு அவட்டச் சொல்லுவன். 'சும்மா கிடங்க, விடியப் பாப்பம்' எண்டுவா. அது ஒண்டு கேட்டாத்தான் எனக்கு மனசு நேராகும். இண்டைக்கு அவளுக்குச் சொல்ல ஏலாமப் போச்சு. அதுக்குப் பொறகு நான் ஆரிட்டப் போய்க் கேக்கிற?"

அவர் வாங்கில் உட்கார்ந்தார். கேஸ் ஏன், கரண்ட் ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

ராத்தா நாலாம் நாள் வீட்டுக்கு வந்தார். வந்த கையோடு கொட்டிலுக்குப் போய்ப் புது அடுப்பைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பாரையை எடுத்து, பூச வேண்டியதைப் பூசி, வைத்துச் சுட்டார். நாங்கள் மூன்று பேரும், ஓவசியர் உட்பட, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். ராத்தா மீனில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தார். பிறகு இடுக்கியைக் காக்காவின் பக்கம் நீட்டினார்.

"ஒரு நாளும் இல்லாத திருநாளா ஒரு முடிவெடுத்தீங்களே அத எடுக்கக்குள்ள மீன் சுடுறவ நானா நீங்களா எண்டு யோசிச்சீங்களா இந்த அடுப்பில நெருப்பு நடுவுலதான் எரியிது தலையும் வாலும் பச்சையாக் கிடக்கு கரி மணமும் இல்ல ஒரு மணமும் இல்ல கரண்ட எடுத்திரிந்தா ஒரே சீரா வெந்திரிக்கும் ஊரெல்லாம் போய்க் கேட்ட மனுசன் கடைசியில குருட்டுக் கோழி கொத்தின மாதிரிக் கொத்திட்டு வந்திரிக்கீங்களே அல்லாவே இந்த மனுசன வச்சிக்கிட்டு நான் என்ன செய்யிற!"

முன்பக்கத்து மேசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஓவசியர் மெல்ல உடைந்த மதில் வழியாகத் தன் வளவுக்குப் போய்விட்டார். காக்கா கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கடைசிச் சொல் வரைக்கும் கேட்டார். முடிந்ததும் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தம்பி, நீயும் கேட்டுக்கிட்டுத்தானே நிண்ட? நடுவுல எங்கயும் மூச்செடுக்க நிண்டாவா?"

"இல்ல காக்கா."

"எனக்கும் நிண்ட மாதிரித் தெரியல்ல. எண்டாலும் ரெண்டு பேர் சொன்னா நல்லந்தானே."

அவர் என்னிடம் கேட்ட ஆயிரம் கேள்விகளில் அந்த ஒன்றுக்கு மட்டும் பொய் சொல்லவும் நான் ஆயத்தமாக இருந்தேன். பொய் தேவைப்படவில்லை.